ஸ்கேட்டராக இருந்து தொழிலதிபர், கவுன்சிலர் ஆனவரின் வாழ்க்கையை எழுதுவது எப்படி?

பனித்தளத்தில் சறுக்கித் தாவிச் சுழலும் ஃபிகர் ஸ்கேட்டிங் வீரர் ஒருவர் பிற்பாடு தொழில் தொடங்கி, அப்புறம் நகராட்சித் தேர்தலிலும் ஜெயித்திருந்தால், அவரைப் பற்றிய கட்டுரைகளில் முக்கால்வாசி பதக்கக் கதையாகத்தான் இருக்கும். மீதி வாழ்க்கை முழுவதும் ‘பின்னர் அரசியலிலும் ஈடுபட்டார்’ என்ற ஒற்றை வரியில் முடிந்துவிடும். அதைத் தவிர்க்க, எடுத்த எடுப்பில் எழுத உட்காராதீர்கள். ஒரு தாளில் வருடங்களை வரிசையாக எழுதி, பக்கத்தில் பனி, பணம், பதவி என்று மூன்று கட்டம் போடுங்கள்.

இந்த மூன்றும் ஒன்று முடிந்து இன்னொன்று வருவதில்லை. ரஷ்யாவின் எவ்கேனி பிளஷென்கோ 2006இல் டூரின் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கினார், 2007இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் சட்டமன்றத்துக்குப் போனார், உறுப்பினராக இருந்துகொண்டே 2010இல் வான்கூவரில் வெள்ளியும் வாங்கினார். விளையாட்டுக்கு ஒரு தலைப்பு, அரசியலுக்கு ஒரு தலைப்பு என்று பிரித்தால் இது கண்ணிலேயே படாது.

பனிக் கட்டத்தை நிரப்பும்போது அந்தக் காலத்து விதியையும் சேர்த்துப் படியுங்கள். உலகப் போட்டிகளில் 1990 வரை கட்டாய உருவங்கள் என்றொரு பகுதி இருந்தது. ஒற்றைக் காலில் வட்டமும் எட்டுமாகப் பனியில் ஒரே தடத்தில் திரும்பத் திரும்பக் கீற வேண்டும், நடுவர்கள் கிட்டே போய்க் குனிந்து, கோடு கோட்டின்மேல் விழுந்திருக்கிறதா என்று தடத்தைப் பார்ப்பார்கள். தனிநபர் போட்டியில் 1960களின் பெரும்பகுதி மொத்த மதிப்பெண்ணில் 60 சதவீதம் இதற்கே போனது. அதனால் பிரமாதமாகத் தாவியவர் நான்காவதாக வந்திருந்தால், ‘நடுவர்கள் ஏமாற்றிவிட்டார்கள்’ என்று எழுதுவதற்கு முன் இந்தப் பகுதியில் அவர் எத்தனையாவது வந்தார் என்று பாருங்கள்.

பணம்தான் பலரும் தாண்டிக் குதிக்கும் இடம். காசுக்கு ஆடுபவர் போட்டியில் கலந்துகொள்ளக் கூடாது என்ற அமெச்சூர் விதி கறாராக இருந்த காலத்தில் ஸ்கேட்டிங்கில் காசு பார்க்க முடியாது, போட்டியை விட்டுவிட்டுக் காட்சிக் குழுவில் சேர்ந்தால்தான் வரும். பிராகாவில் பிறந்த ஓட்டோ ஜெலினெக், தங்கை மரியாவுடன் கனடாவுக்காக அதே பிராகாவில் 1962இல் உலகப் பட்டம் வென்ற பிறகு ஐஸ் கபேட்ஸ் குழுவுக்குப் போனார். 1972இல் கனடா நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார். நடுவிலிருக்கும் அந்தப் பத்து வருடம் மாதிரியான இடைவெளியைத்தான் நீங்கள் தோண்ட வேண்டும். ‘தொழிலதிபர்’ என்ற சொல் ஒன்றுமே சொல்லாது. என்ன விற்றார், முதலீடு யாருடையது, கம்பெனி எப்போது பதிவானது, இன்னும் ஓடுகிறதா, தன் பெயரை மட்டும் கொடுத்தாரா அல்லது கையைச் சுட்டுக்கொண்டாரா?

பதவிக்கு வந்தால் தேர்தல் முடிவு மட்டும் போதாது, மன்றக் கூட்டக் குறிப்புகளை எடுங்கள், சலிப்பாகத்தான் இருக்கும். பிரான்சின் அலன் கால்மா 1964இல் ஒலிம்பிக் வெள்ளி, 1965இல் உலகப் பட்டம் வாங்கியவர். அப்புறம் அறுவை மருத்துவர், அமைச்சர் எல்லாம் ஆகி, 1995 முதல் 2014 வரை லிவ்ரி-கார்கன் நகர மேயராக இருந்தார். அந்த ஊர்க்காரருக்கு அவர் மேயர்தான், பதக்கமெல்லாம் உபரித் தகவல்! உங்கள் ஆள் ஸ்கேட்டிங் அரங்கமோ கடையோ நடத்தியவர் என்றால், அது சம்பந்தமான தீர்மானம் வந்தபோது வாக்களித்தாரா, எழுந்து வெளியே போனாரா என்று தேடுங்கள்.

பேட்டி கடைசியில்தான். பதக்கக் கதையை ஆயிரம் தடவை சொல்லிச் சொல்லி அவருக்கு மனப்பாடம், அதைக் கேட்காதீர்கள். முதல் சம்பளத்தைக் கொடுத்தது யார், முதல் கடனுக்கு யார் ஜாமீன் நின்றார்கள் என்று கேளுங்கள். அவர் சொல்வதும் பதிவேட்டில் இருப்பதும் ஒத்துப்போகவில்லையா, சரி, இரண்டையும் தேதியோடு பக்கத்தில் பக்கத்தில் போட்டுவிடுங்கள்.