வெள்ளி வேலை செய்யும் மேசையில் ஈயம் ஏறக் கூடாது

நகை வேலை கற்றுக்கொள்ள வருபவர்கள் ரம்பத்தின் பிளேடை ஒடிப்பார்கள், விரலில் சுத்தியலைப் போட்டுக்கொள்வார்கள், மோதிரத்தை அளவு தப்பச் செய்வார்கள். கை பழகப் பழக இவையெல்லாம் தாமாகவே குறைந்துவிடும்; எழுதிச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் யாராவது எடுத்துச் சொல்லாவிட்டால் ஆண்டுக்கணக்கில் தொடர்கிற தவறுகள் சில இருக்கின்றன. எங்கள் காலத்தில் நாங்கள் செய்த அதே தவறுகளை ஒவ்வொரு பயிற்சிப் பட்டறையிலும் புதியவர்கள் திரும்பச் செய்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இது.

ஈயப்பற்று வைத்த நகையை டார்ச் தீயில் காட்டுவது

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான். கைவினைஞர்கள் கூடுகிற இடத்துக்கு யாராவது ஒருவர் பழைய வெள்ளி நகையைச் சரிசெய்யக் கொண்டுவருவார். அப்படி வந்த ஒரு காப்பில் கொண்டி விட்டுப்போயிருந்தது. அதை முன்பே யாரோ ஈயப்பற்று, அதாவது காரீயமும் வெள்ளீயமும் கலந்த சால்டர், வைத்து ஒட்டியிருந்தார்கள். மூட்டுக்கு அருகே மங்கிய சாம்பல் நிறத்தில், கொஞ்சம் உருண்டு திரண்ட ஒரு திட்டு. கவனித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். உதவ முன்வந்தவர் பார்க்கவில்லை. வெங்காரம் தடவி, வெள்ளிப் பற்றாசு (வெள்ளி மூட்டுகளை உருகி ஒட்டவைக்கும் உலோகக் கலவை) வைத்து, டார்ச்சைப் பற்றவைத்தார். வெள்ளி சிவக்கும் முன்பே அந்தச் சாம்பல் திட்டு உருகிப் பளபளத்துப் பரவியது. அடுத்த சில நொடிகளில் தகடு பூச்சி அரித்த இலையாகிவிட்டது. சூடு அதிகமாகிவிட்டது என்று நினைத்துத் தீயைக் குறைத்துக்கொண்டு மறுபடி முயன்றார். ஓட்டை பெரிதானதுதான் மிச்சம்.

சூடு அதிகமாகவே இல்லை. ஸ்டெர்லிங் வெள்ளி (92.5 சதவீதம் வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு) இளகத் தொடங்குவதே கிட்டத்தட்ட 800 டிகிரி செல்சியசில்தான். வெள்ளிப் பற்றாசு ஓடுவதற்கு 700 டிகிரியை ஒட்டியோ அதற்கு மேலோ சூடு வேண்டும். காரீயம் 327 டிகிரியில் உருகிவிடும், வெள்ளீயம் 232 டிகிரியில். இரண்டையும் சரியான விகிதத்தில் கலந்தால் 183 டிகிரியே போதும். ஆக, பற்றாசு ஓடுகிற சூட்டுக்கு நீங்கள் போய்ச் சேர்வதற்குள் அந்த ஈயம் எப்போதோ திரவமாகி, வெள்ளியைத் தனக்குள் கரைக்கத் தொடங்கியிருக்கும். சூடு ஏற ஏறக் கரைப்பதும் வேகமாகும். அது மேலே படிந்த அழுக்கு இல்லை, தேய்த்துப் போக்க. வெள்ளிக்குள்ளேயே இறங்கிவிடும்.

ஒரு நகையோடு இது முடிந்திருந்தால் நான் இவ்வளவு தூரம் சொல்லமாட்டேன். அந்தக் காப்பை ராவிய அரத்தை அடுத்த மேசையில் இருப்பவர் எடுத்துக்கொள்வார். அரத்தின் பல்லிடுக்கில் சிக்கிய ஈயத் துகள் அவருடைய மோதிரத்தில் ஒட்டிக்கொள்ளும். அவர் சூடேற்றும்போது காரணம் தெரியாமல் குழி விழும். தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்வார். அப்புறம் அரப்பொடியை எல்லோரும் ஒரே டப்பாவில் கொட்டுவார்கள். அதை மூசையில் உருக்கி வார்த்து, தகடாக்கும் ரோலிங் மில்லில் விட்டால் கட்டி ஓரம் ஓரமாக வெடிக்கும். தங்கமாக இருந்தால் இன்னும் மோசம். மிகச் சிறிதளவு காரீயம் கலந்தாலே தங்கம் தன் இளக்கத்தை இழந்து, வளைத்தால் முறிகிற நிலைக்கு வந்துவிடும். ஒருவர் அவசரப்பட்டதற்குப் பட்டறை முழுவதும் விலை கொடுக்கிறது.

“நான் வைத்தது காரீயம் கலக்காதது” என்று சிலர் சொல்வார்கள். எலெக்ட்ரானிக்ஸ் வேலைக்கு விற்கும் காரீயமில்லாத சால்டரைச் சொல்கிறார்கள். உடம்புக்கு அது நல்லதுதான், வெள்ளிக்கு இல்லை. அதில் பெரும்பகுதி வெள்ளீயம். அதுவும் சிவக்கச் சூடேற்றினால் வெள்ளியை அரிக்கத்தான் செய்யும்.

யாரும் சந்தேகப்படாத இன்னொரு வழியும் உண்டு. தகட்டைக் குழிவாக்க, காரீயக் கட்டியின் மேல் வைத்துத் தட்டுகிற வழக்கம். தட்டி முடித்த தகட்டின் முதுகில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத சாம்பல் பூச்சு ஒட்டியிருக்கும். அப்படியே பதப்படுத்த, அதாவது தட்டி இறுகிய தகட்டை மறுபடி மென்மையாக்க, சூடேற்றினால் தகடு முழுக்கப் புள்ளி புள்ளியாகக் குழி விழும். குழிவாக்க மரக்கட்டையோ தோல் மெத்தையோ போதும். காரீயம்தான் வேண்டும் என்றால் நடுவில் தடித்த தோலை விரித்துக்கொள்ளுங்கள். சூடேற்றும் முன் தகட்டைத் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? பழைய நகை எது வந்தாலும் முதலில் ஒவ்வொரு மூட்டையும் உருப்பெருக்கியில் பாருங்கள். வெள்ளிப் பற்றாசு வைத்த மூட்டு வெள்ளியின் நிறத்தோடு ஏறக்குறைய ஒத்துப்போகும். ஈயப்பற்று மங்கலாக, சாம்பலாக, மழுங்கிய விளிம்போடு இருக்கும். கூரான ஊசியால் கீறினால் பக்கத்திலுள்ள வெள்ளியைவிட எளிதாகக் கோடு விழும். சந்தேகம் இருந்தால் ஈயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஈயம்தான் என்று தெரிந்தால், அதற்கென்று தனியாக வைத்திருக்கும் சுரண்டியால் பளிச்சென்ற வெள்ளி தெரியும்வரை சுரண்டி எடுக்க வேண்டும். இடுக்கில் துளி தங்கியிருந்தாலும் டார்ச் கூடாது. அந்த இடத்தை ரிவிட் அடித்துச் சேர்க்கலாம். இல்லையென்றால் மறுபடி ஈயப்பற்றே வைத்து, உரியவரிடம் அதைச் சொல்லித் திருப்பிக் கொடுக்கலாம். இரண்டுமே கௌரவமான வேலைதான். ஈயத்தைத் தொட்ட அரம், பிரஷ், சுரண்டி எல்லாவற்றின் கைப்பிடியிலும் சிவப்புப் பெயிண்ட் அடித்து வேறு மேசையில் வையுங்கள். அந்தப் பொடி பொது டப்பாவுக்கு வரக் கூடாது. வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் எதையும் சாப்பிட வேண்டாம். காரீயம் உடம்பிலும் சேரும், குழந்தைகளுக்கு இன்னும் ஆபத்து.

இடைவெளியைப் பற்றாசால் நிரப்பப் பார்ப்பது

பற்றாசு ஓட்டையை அடைக்கும் பொருள் இல்லை. ஒன்றையொன்று தொடுகிற இரண்டு விளிம்புகளுக்கு நடுவில்தான் அது இழுத்துக்கொண்டு ஓடும். வளையத்தின் மூட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் தெரிந்தால் மறுபடி அரம்தான். புதியவர்கள் தீயை நேராகப் பற்றாசின் மேலேயே காட்டுவதும் வழக்கம். பற்றாசு உருண்டு குண்டாகி அங்கேயே நிற்கும். முழு நகையையும் சூடேற்றுங்கள், பெரிய பாகத்திலிருந்து தொடங்குங்கள். சூடு எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் பற்றாசு தானாகப் போகும்.

செம்பில் பழகிய கையோடு வெள்ளிக்கு வருவது

செம்பில் கற்றுக்கொடுப்பது நல்லதுதான். ஆனால் செம்பு 1085 டிகிரிவரை தாங்கும். எவ்வளவு தீ காட்டினாலும் பொறுத்துக்கொள்ளும். அதே கையோடு வெள்ளிக்கு வருபவர், பற்றாசு ஓடிய பிறகும் தீயை எடுக்கமாட்டார். மேற்பரப்பு பளபளவென்று அசையத் தொடங்கியதென்றால் தகடே உருகுகிறது என்று அர்த்தம். பட்டறை நடத்துபவர்கள் வெள்ளியை முதன்முதலில் கையில் கொடுக்கும்போதே ஒரு துண்டை வேண்டுமென்றே உருக்கிக் காட்டிவிடலாம். எந்தக் கட்டத்தில் நிறுத்த வேண்டும் என்பது வாயால் சொல்வதைவிடக் கண்ணுக்குச் சீக்கிரம் புரியும்.

பளிச்சென்ற வெளிச்சத்தில் பதப்படுத்துவது

டார்ச்சில் வெள்ளியைப் பதப்படுத்தும்போது மங்கிய சிவப்பைக் கண்ணால் பார்த்து நிறுத்துவதுதான் வழக்கம். ஜன்னல் வெயிலில் அந்தச் சிவப்பு தெரிவதற்குள் சூடு எல்லை தாண்டிவிடும். சூடேற்றும் மேசையை அறையின் இருட்டான மூலைக்கு நகர்த்துங்கள்.

பிக்கிள் கரைசலில் இரும்புச் சாமணம்

சூடேற்றிய நகையின் கறையைப் போக்க ஊறவைக்கும் அமிலக் கரைசல்தான் பிக்கிள். ஏற்கெனவே பல நகைகளை ஊறவைத்த பிக்கிளில் செம்பு கரைந்திருக்கும். அதில் இரும்பு பட்டால் போதும், இரும்பைத் தொட்டுக் கிடக்கும் வெள்ளியில் செம்பு படிந்து இளஞ்சிவப்பாகிவிடும். பற்றவைக்கும்போது நகையைச் சேர்த்துக் கட்டிய இரும்புக் கட்டுக்கம்பியைக் கழற்றாமல் போட்டாலும் இதே கதிதான். செம்புச் சாமணமோ பிளாஸ்டிக்கோ வைத்துக்கொள்ளுங்கள்.

அமிலம் கலக்குவது

தண்ணீரில் அமிலத்தை ஊற்றுங்கள். மாற்றிச் செய்யவே கூடாது.

பாலிஷ் மோட்டாரில் சங்கிலி

கையில் பிடித்துக் காட்ட வேண்டாம். விரல் போகும்.

லேபிள் இல்லாத பழைய பற்றாசு

பழைய கருவிகளை யாராவது பட்டறைக்குக் கொடுக்கும்போது அதோடு பற்றாசுக் கம்பியும் சேர்ந்து வரும். முன்பு ஓட்டம் நன்றாக இருக்க வேண்டும் என்று பற்றாசில் காட்மியம் சேர்ப்பார்கள். பற்றாசு ஓடும் சூட்டில் காட்மியம் புகையாக எழும்பும். அந்தப் புகை நுரையீரலைக் கெடுக்கும், உயிரையும் எடுக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதப்படாத கம்பியை உரசிப் பார்த்தோ உருக்கிப் பார்த்தோ சோதிக்காதீர்கள். தனியாகக் கட்டி, அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.