மழையில் ஆம்ஸ்டர்டாம்: ஆறு மணி நேர இடைவெளி போதும்

ஸ்கிபோல் விமான நிலையத்தில் ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல் இடைவெளி இருந்து, கையில் ஷெங்கன் விசாவும் (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) இருந்தால் ஊருக்குள் போய் வரலாம். டிரான்சிட் விசாவில் வெளியே விடமாட்டார்கள்.

ரயில் நிலையம் விமான நிலையத்துக்கு அடியிலேயே இருக்கிறது. ஊரின் சென்ட்ரல் நிலையத்துக்குக் கால் மணி நேரம். வங்கி அட்டையைக் கேட்டில் தட்டினால் போதும். ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும். உள்ளே நுழையும்போது போனைத் தட்டிவிட்டு வெளியே வரும்போது அட்டையைத் தட்டினால் இரண்டு தனிப் பயணமாகக் கணக்காகி, கூடுதல் கட்டணம் பிடிக்கும்.

மழை வலுத்தால் கால்வாய்ப் படகெல்லாம் வீண். கண்ணாடியில் ஆவி படிந்து ஒன்றும் தெரியாது. அதற்குப் பதில், சென்ட்ரலிலிருந்து மெட்ரோ 52-இல் ஒரே நிறுத்தம், ரோக்கின் நிலையம். அங்கே எஸ்கலேட்டர்களுக்கு நடுவே காட்சிக்கு இருப்பவை, ஆம்ஸ்டெல் ஆற்றுப் படுகையில் தோண்டியெடுத்த சுமார் 9,500 பொருட்கள்: பானை ஓடு, சாவி, நாணயம், செல்போன்கூட. தனி டிக்கெட் இல்லை. பிறகு, மாடப்பரணில் முழு தேவாலயத்தையே ஒளித்துவைத்திருக்கும் 17-ஆம் நூற்றாண்டு வீடு; சென்ட்ரலிலிருந்து பத்து நிமிட நடை. படிகள் செங்குத்து, முழங்கால் வலிக்காரர்கள் தவிர்க்கலாம்.

குடையைவிடத் தொப்பி வைத்த மழைக்கோட்டு மேல். காற்று குடையைத் திருப்பிவிடும். நனைந்த டிராம் தண்டவாளம் வழுக்கும். அடுத்த விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே திரும்புங்கள். புயல் எச்சரிக்கை இருந்தால் ரயில்கள் ரத்தாகலாம், அன்று கிளம்பவே வேண்டாம்.