காமன்-மோடை மட்டும் தடுக்கும் குட்டி ஃபில்டர்: கிரவுண்டில் ஒரு ஸ்லாட் போதும்

யூஎஸ்பி 3.0 டிஸ்க்கைச் சொருகியதும் பக்கத்தில் இருக்கும் வயர்லெஸ் மவுஸ் திணறும். 5 ஜிபிபிஎஸ் தரவின் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையிலும் விழுவதுதான் காரணம், 2012-ல் இன்டெல்லே இதைப் பற்றி அறிக்கை போட்டது. ஆனால் அந்த அதிர்வெண்ணை அப்படியே வடிகட்டிவிட முடியாது, நமக்கு வேண்டிய சிக்னலும் அங்கேதான் ஓடுகிறது. வேறுபாடு சமச்சீரில் இருக்கிறது: இரண்டு டிரேஸிலும் (போர்டில் சிக்னல் ஓடும் செம்புக் கோடுகள்) எதிரெதிராகப் போவது டிஃபரன்ஷியல், அது வேண்டும், ஒன்றாகச் சேர்ந்து போவது காமன்-மோட், அது வேண்டாம்.

இந்தக் காமன்-மோடை மட்டும் தடுக்கும் ஃபில்டரை போர்டிலேயே செய்யலாம். முதலில் லைன். 0.8 மிமீ எஃப்ஆர்4 (வழக்கமான கண்ணாடியிழை) போர்டில், கீழே முழு கிரவுண்ட் (செம்புத் தளம்) வைத்து, 50 ஓம் மின்மறுப்புக்கு (இம்பீடன்ஸ்) சுமார் 1.5 மிமீ அகலத்தில் இரண்டு டிரேஸ் போடுங்கள். நெருக்கி வைத்தால் அகலம் மாறும், கால்குலேட்டரில் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்து, டிரேஸ்களுக்குக் குறுக்காக கிரவுண்டில் ஒரு மெல்லிய ஸ்லாட், அதாவது செம்பு நீக்கிய வெட்டு. காமன்-மோடின் திரும்பும் மின்னோட்டம் கிரவுண்டில் இந்த ஸ்லாட்டைத் தாண்டியாக வேண்டும்; ஸ்லாட்டின் நீளம் அரை அலைநீளமாக இருந்தால் நடுவில் அதற்குப் பெரிய மின்மறுப்பு எதிர்ப்படும், வழி அடைபடும். கணக்கு எளிது: 2.4 கிகாஹெர்ட்ஸில் காற்றில் அலைநீளம் 125 மிமீ, ஸ்லாட்டின் செயல்படும் மின்கடத்தாப்பொருள் மாறிலியைத் தோராயமாக 2.7 என்று கொண்டால் அது 76 மிமீ ஆகும், பாதி 38 மிமீ. இது தொடக்கப் புள்ளிதான், சிமுலேஷனில் நகரும்.

38 மிமீ பெரிசு, சரி, சுருக்குவோம். நடுவில் ஸ்லாட் குறுகலாக இருந்தால் கெபாசிட்டன்ஸ், இரு முனைகளிலும் அகலமான சன்னல் வெட்டினால் மின்னோட்டம் சுற்றிப் போவதால் இண்டக்டன்ஸ் கூடும். இண்டக்டன்ஸும் கெபாசிட்டன்ஸும் (எல்-சி) கூடினால் அதிர்வெண் இறங்கும், அப்புறம் மொத்த நீளத்தைக் குறைத்து 2.4-க்கே திரும்பக் கொண்டுவரலாம். இந்த டம்பெல் வடிவம்தான் இடத்தை மிச்சப்படுத்துகிறது.

சிமுலேஷனுக்கு ஓப்பன்இஎம்எஸ் என்ற மென்பொருள் இலவசம். முழு அமைப்பையும் வரையாதீர்கள், நடுக்கோட்டில் வெட்டிப் பாதியை மட்டும் வரையுங்கள். வெட்டிய தளத்தில் எல்லை நிபந்தனையாகக் காந்தச் சுவர் (மேக்னெடிக் வால்) வைத்தால் காமன்-மோட், மின்சுவர் (எலெக்ட்ரிக் வால், முழுக் கடத்தி போல) வைத்தால் டிஃபரன்ஷியல். மின்சுவர் ஸ்லாட்டை நடுவிலேயே ஷார்ட் செய்துவிடுகிறது, டிஃபரன்ஷியலுக்கு ஸ்லாட் இருப்பதே தெரியாததன் காரணம் இதுதான். சுமார் இருமடங்கு அதிர்வெண்ணில் மட்டும் டிஃபரன்ஷியலில் ஒரு சிறு பள்ளம் வரலாம், டிரேஸ்களை நெருக்கினால் தணியும்.

அளப்பதற்கு இரண்டு போர்ட் விஎன்ஏ (வெக்டர் நெட்வொர்க் அனலைசர்) போதும்: ஒவ்வொரு முறையும் மீதி இரண்டு போர்ட்டிலும் 50 ஓம் மாட்டுங்கள். உள்ளே 1, 2, வெளியே 3, 4 என்றால் எஸ்31 (1-ல் செலுத்தி 3-ல் வருவது), எஸ்32, எஸ்41, எஸ்42 நான்கையும் கூட்டி 2-ஆல் வகுத்தால் காமன்-மோட் கிடைக்கும். டெசிபலைக் கூட்டாதீர்கள், கட்டத்தோடு கூடிய சிக்கலெண்களைத்தான் கூட்ட வேண்டும்.

தடுக்கப்பட்ட காமன்-மோட் காணாமல் போவதில்லை, பெரும்பகுதி வந்த வழியே திரும்பும், கொஞ்சம் ஸ்லாட் வழியே கதிராக வெளியேறும். அதனால் வைஃபை ஆன்டெனாவை அதன் அருகில் வைக்காதீர்கள்.