ஸ்கேனில் ஒன்றும் இல்லையென்றால் வயிறு சுத்தமா?

இரைப்பைப் புற்றுநோய் என்று எண்டோஸ்கோபியில் உறுதியானதும் சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள். "வேறெங்கும் பரவவில்லை" என்று ரிப்போர்ட் வந்துவிட்டால் வீட்டில் எல்லோருக்கும் உயிர் வந்த மாதிரி இருக்கும். அடுத்த நிமிடமே "ஒப்பரேஷன் எப்போது?" என்று கேட்போம். நம் மலையகத்தில் பல குடும்பங்கள் சறுக்குவது இங்கேதான்.

இரைப்பைச் சுவரைத் துளைத்து வெளியே வரும் புற்றுநோய்க் கலங்கள், வயிற்றின் உட்புறத்தை மூடியிருக்கும் மெல்லிய சவ்வில் போய் ஒட்டிக்கொள்ளும். ரவை தூவியதுபோல் சின்னச் சின்ன முடிச்சுகள். ஒருசில மில்லிமீட்டர் முடிச்சுகளை சி.டி. தவறவிடுவது சாதாரணம். பெட் (PET) ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும் என்று கடன்பட்டுக் கொழும்புக்குப் போவோரும் உண்டு. கட்டியாகத் திரளாமல் படரும் வகை அதிலும் தப்பிவிடலாம். இரத்தப் பரிசோதனையும் இதை முடிவு செய்யாது.

இதற்கென்று இருப்பதுதான் லெப்ரோஸ்கோபி. மயக்க மருந்து கொடுத்து, வயிற்றில் சிறு துளைகள் போட்டு, கெமராவை உள்ளே விட்டு ஈரலின் மேற்பரப்பு, குடல் மடிப்புகள், இடுப்புக் குழி எல்லாவற்றையும் பார்ப்பார்கள். சந்தேகமான இடத்தில் துணுக்கு எடுப்பார்கள். அப்புறம் சேலைன் ஊற்றி அலசி, அந்த நீரை நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள். கண்ணுக்கு முடிச்சே தெரியாமல், அந்த நீரில் மட்டும் புற்றுநோய்க் கலங்கள் இருந்தாலும் அது நான்காம் நிலைதான், அதாவது பரவிய நோய்தான். அந்த முடிவு வருமுன் ஒப்பரேஷன் திகதி கேட்டு டொக்டரை நெருக்காதீர்கள். பரவிய நோயில் முதலில் இரைப்பையை வெட்டுவதால் ஆயுள் கூடுவதில்லை, கீமோதான் முன்னால் வரும். கீமோவுக்குப் பிறகு அலசிய நீர் சுத்தமாகிவிட்ட சிலருக்கு ஒப்பரேஷனை மறுபடி யோசிப்பதும் உண்டு.

"கத்தி பட்டா பரவிடும்" என்று லயத்தில் யாராவது சொல்வார்கள். அதைக் கேட்டு லெப்ரோஸ்கோபியை மறுத்துவிட்டு வருவது பெரிய நட்டம். ஏற்கெனவே பரவியிருப்பதைக் கண்டுபிடித்து, வீணான பெரிய ஒப்பரேஷனைத் தவிர்ப்பதுதான் அதன் வேலையே. ஆனால் எல்லோருக்கும் இது தேவையில்லை. இரைப்பையின் உட்படலத்தோடு நிற்கும் மிக ஆரம்ப நோய்க்கும், ஸ்கேனிலேயே பரவல் தெளிவாகத் தெரிந்தவருக்கும் பெரும்பாலும் செய்வதில்லை.

கண்டி ஆஸ்பத்திரிக்கோ மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கோ போகும்போது கிளினிக் கொப்பியோடு ஸ்கேன் படம், துணுக்குப் பரிசோதனை ரிப்போர்ட் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். ஒன்று குறைந்தாலும் இன்னொரு நாள் பேர் (தோட்டத்து நாள் சம்பளம்) போகும். சிங்களம் சரளமாக வராதென்றால் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போய், "ஒப்பரேஷனுக்கு முன்னால் வயிற்றுக்குள் கெமரா விட்டுப் பார்ப்பீங்களா, டொக்டர்?" என்று கேளுங்கள். புரியாமல் தலையாட்டிவிட்டு வராதீர்கள்.

இரைப்பைப் புற்றுநோய் உள்ளவருக்கு வயிறு ஊதினால் 'காஸ்' என்று ஓமத் தண்ணீரோடு நாளைக் கடத்தாதீர்கள், உள்ளே நீர் சேர்ந்திருக்கலாம். தொப்புளில் கடினமான கட்டி வந்தாலும் உடனே காட்டுங்கள். பெண்களுக்குச் சூலகத்தில் கட்டி என்று பெண் நோயியல் கிளினிக்குக்கு அனுப்பினால், இரைப்பை நோயை அங்கே கட்டாயம் சொல்லுங்கள். இரண்டும் ஒரே நோயாக இருக்கலாம்.