உதவித்தொகைப் பொறுப்பாளர் செய்ய வேண்டியவை

தருமபுரியில் சிறிய கிறித்தவக் கல்லூரி ஒன்றில் இப்பொறுப்பை ஏற்பவர், சேர்க்கை நாளன்றே மாணவரின் சாதிச் சான்றிதழை நிதானமாகப் படிக்க வேண்டும். கிறித்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருப்பதால், ஆதிதிராவிடர் நலத்துறையின் போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய படிப்புக்கான) உதவித்தொகை தமக்கில்லை என்று பெற்றோர் தாமாகவே ஒதுங்கிவிடக்கூடும். குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் அவர்களும் விண்ணப்பிக்கலாம் என்பதை எடுத்துச் சொல்லுங்கள். இதைவிட முக்கியமான வேலை இந்த மேசையில் இல்லை என்பேன். பெங்களூருவுக்குக் கட்டட வேலைக்குப் போன தகப்பன், வருமானச் சான்றிதழுக்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருகிறார். ஆகவே இ-சேவை மையத்தில் கேட்கும் ஆவணங்களை முன்னதாகவே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை படித்த மாணவிக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. பணம் வரவில்லையென்றால், வங்கிக் கணக்கோடு ஆதார் இணைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தொகை தாமதமாகும் மாதங்களில், கட்டண நிலுவைப் பட்டியலை வகுப்பறையில் வாசிக்க விடாதீர்கள்.