அம்மாவின் முழங்காலும் ஒரு மின்னஞ்சலும்

கொழும்பு வெள்ளவத்தை வீட்டின் மூன்றாம் மாடிக்கு ஏற முடியாமல் அம்மா படியிலேயே உட்கார்ந்து அழுத அன்றுதான் முழங்கால் மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சைக்காகச் சென்னைக்குப் போக முடிவெடுத்தோம். அங்குள்ள ஒரு மருத்துவமனை மொத்தச் செலவு இவ்வளவு என்று ஒரே தொகையை எழுதி அனுப்பியது. எது எதற்கென்று விவரமே இல்லை, மனம் ஒப்பவில்லை. செயற்கை மூட்டு, அறை, பிசியோதெரபி எல்லாவற்றையும் தனித்தனியாகக் கேட்டு மின்னஞ்சல் எழுதினேன். செயற்கை முழங்கால் மூட்டுக்கு இந்திய அரசு 2017 ஆகஸ்டில் உச்ச விலை வரம்பு வைத்ததையும் குறிப்பிட்டேன். அடுத்து வந்த கணக்கில் தொகை நன்றாக இறங்கியிருந்தது.

சரி, விசா? அம்மாவுக்கு மருத்துவ விசா, எனக்கு உதவியாளர் விசா. சுற்றுலா விசாவே போதும் என்றவர்களைக் கேட்கவில்லை. திரும்பும் டிக்கெட்டைத் திகதி மாற்றக்கூடியதாக எடுத்தேன். தையல் பிரித்து, டொக்டர் பறக்கலாம் என்ற பிறகே கட்டுநாயக்க விமான நிலையத்தில் வந்து இறங்கினோம். இப்போது காலையில் அம்மாவே கீழே போய்ப் பால் வாங்கி வருகிறார்.