மிங் காலத்து உபாசகர் போலப் புண்ணியக் கணக்கு எழுதுவது எப்படி?

மிங் வம்சம் ஆண்ட காலத்தில் (1368–1644) தலையை மழிக்காமல், குடும்பத்தையும் உத்தியோகத்தையும் விடாமல் சீனாவின் படித்தவர்கள் எப்படி உபாசகர்களாக, அதாவது இல்லறப் பௌத்தர்களாக வாழ்ந்தார்கள் என்று புரியவேண்டுமா, அவர்கள் எழுதிய கணக்கை ஒரு மாதம் நீங்களும் எழுதிப் பாருங்கள். சித்திரகுப்தன் வேலையை நாமே பார்ப்பது, அவ்வளவுதான்.

முதலில் ஒரு வேண்டுதலும் அதற்கு ஓர் எண்ணும் வேண்டும். யுவான் ஹுவாங் (1533–1606) என்பவருக்கு 53 வயதில் சாவு, பிள்ளை பாக்கியம் இல்லை என்று ஜோசியர் சொல்லியிருந்தார். மனுஷனும் எல்லாம் விதிப்படி என்று சும்மா இருந்துவிட்டார். 1569இல் நான்ஜிங் அருகே சீசியா மலையில் யுன்கு என்ற துறவி, விதியை மாற்றலாம் என்று சொல்லி இந்தக் கணக்கு முறையைக் கொடுத்தார். அரசு உத்தியோகத் தேர்வில் தேற வேண்டி 3,000 நற்செயல் என்று நேர்ந்துகொண்டார் யுவான். மறுவருடமே தேறிவிட்டார், ஆனால் 3,000 நிறையப் பத்து வருடத்துக்கு மேல் ஆயிற்று. ஆகவே சின்ன எண்ணாக எடுங்கள்.

அப்புறம் எந்த நற்செயலுக்கு எத்தனை புண்ணியம் என்ற மதிப்புப் பட்டியல். இதற்கு மூலநூல் 1171இல் வந்த, சீனாவின் தாவோ மதத்தார் கணக்கேடு ஒன்று. ஹாங்ஜோ பக்கத்துத் துறவி ஜூஹோங் (1535–1615) அதைப் பௌத்தர்களுக்காகத் திருத்தி எழுதினார். அவர் ஏட்டில் ஒரு மனித உயிரைக் காத்தால் 100. உழவு மாடு, வீட்டு நாய் மாதிரி மனிதனுக்கு உழைக்கும் பிராணி என்றால் 20, பன்றி, ஆடு, வாத்துக்கு 10, மீனுக்கும் குருவிக்கும் 1, எறும்பு என்றால் பத்து உயிர் சேர்ந்து 1. நமக்கு உழைக்கிற மாட்டுக்கு மட்டும் கூடுதல் மதிப்பா என்று கேட்கத் தோன்றும்தான், இருந்தாலும் இப்போதைக்கு அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

தினமும் அன்றன்றைக்கே பதியுங்கள். எழுதத் தெரியாத யுவானின் மனைவி, ஒவ்வொரு நற்செயலுக்கும் வாத்து இறகின் குழலால் நாள்காட்டியில் ஒரு சிவப்பு வட்டம் போடுவாராம், சில நாளில் பத்துக்கு மேல் விழும். தப்பு செய்தால் வரவிலிருந்து கழிக்க வேண்டும், சாக்குப்போக்குக் கூடாது. யுவான் பாவோதி மாவட்ட அதிகாரியானபோது ஒரு வெற்று ஏட்டை நாள் முழுக்க அலுவலக மேசையில் வைத்து நல்லது கெட்டது ரெண்டையும் அதில் எழுதி, ராத்திரி முற்றத்தில் ஊதுபத்தி ஏற்றி வானத்திடம் ஒப்புவிப்பார்.

எண்ணைப் பிடித்துத் தொங்காதீர்கள். மூன்றாவது வேண்டுதலில் யுவான் 10,000 நற்செயல் என்று நேர்ந்திருந்தார். உத்தியோகத்துக்கு வந்தபின் வாய்ப்பே கிடைக்கவில்லையே என்று மனைவி கவலைப்பட்டார். அப்போது கனவில் ஒரு தெய்வம் வந்து, நிலவரியைக் குறைத்தாயே, அது ஒன்றே 10,000க்கும் சரியாகிவிட்டது என்றதாம். ஒரு மூ (சீன நில அளவு) நிலத்துக்கு 0.0237 தேல் (சீன எடை அளவு) வெள்ளியாக இருந்த வரியை அவர் 0.0146 ஆக்கியிருந்தார். என்னைக் கேட்டால் முழு ஏட்டிலும் உருப்படியான பதிவு அதுதான். குருவியை விடுவிப்பது யாராலும் முடியும், வரியில் கைவைக்க அதிகாரம் வேண்டும்.

வட்டங்களைப் பார்த்துத் தற்பெருமை வந்தால் வரவுப் பக்கத்தையே எடுத்துவிடுங்கள். கன்பூசிய அறிஞர் லியூ சோங்ஜோ (1578–1645), புண்ணியத்தை எண்ணுவது லாபக் கணக்கு என்று கண்டித்து, குற்றங்களை மட்டும் பட்டியலிட்டு ஒரு நூலே எழுதினார். அப்படியே நீங்களும் தப்பை மட்டும் எழுதுங்கள்.